தாக்கா பாண்டான் அருவிக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா? (பேக்கோக், செலாய் பக்கம்)

லாபிஸ் மூணாங்கட்டை:

எல்லாருக்கும் வணக்கம். லாபிஸ் எங்கள் ஊர். வேலை ஜொகூர் பாருவில் என்பதால் மாதத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வர முடிகிறது. அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம்.

சின்ன வயதிலிருந்து அவர் வாயில் ஒரு சொல்லைக் கேட்டு வருகிறேன்: தாக்கா. அடைமழையில் லயத்துக்குப் பின்னால் லோங்காங் வாய்க்கால் நிரம்பி இரைந்தால் "தாக்கா மாதிரி சத்தம் பாரு" என்பார். நல்ல குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் தாக்காதான். அம்மாவிடம் கேட்டால், "கல்யாணத்துக்கு முந்தி உங்கப்பா போன காடு" என்பார், அவ்வளவுதான். போன மாதம் கைப்பேசியில் பேக்கோக் பக்கத்து வரைபடத்தை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பச்சைக்கு நடுவில் தாக்கா திங்கி, தாக்கா பாண்டான் என்று பெயர்கள் வந்தன. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. இலை கொட்டுகிற மாதம், வெட்டு இல்லை. தோட்டத்துக் கடைக்குப் பிரம்பும் பெத்தாய்க் காயும் கொண்டுவந்து போடும் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) ஒருவர், வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு ராத்திரி காட்டில் படுத்து மூன்றாம் நாள் திரும்பியிருக்கிறார்கள். 1978 வாக்கில் இருக்கும் என்கிறார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அவரை ஒரு தடவை அங்கே கூட்டிப் போய் நிறுத்த வேண்டும். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார். இடது முட்டி மட்டும் இறக்கத்தில் வலிக்கும். எந்த மாதம் போகலாம்? எங்கள் மைவி காரில் எவ்வளவு தூரம் போக முடியும்? உப்பே கூலிங், புவாயா சங்குட் என்ற அருவிகளைப் பற்றியும் படிக்கிறேன், அவையும் இதே பக்கம்தானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பேக்கோக் லோரி:

மைவியை பேக்கோக் டவுனிலேயே நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து செலாய் பூங்கா வாசலுக்குப் போர்வீல் வண்டிதான். முதலில் செம்பனைத் தோட்டம், அப்புறம் ஒராங் அஸ்லி கம்பங்கள் (கிராமங்கள்), அப்புறம் காட்டுச் செம்மண். மழை பெய்த மறுநாள் அந்த மண் சோப்பு மாதிரி. நான் லோரி ஓட்டுகிறவன், சொல்கிறேன், அங்கே போர்வீலே குறுக்கே திரும்பி நிற்கும்.

அது எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது. முன்கூட்டியே பதிவு பண்ணி, அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். இப்போது கேட்காதீர்கள், மழைக்காலம். 2011 ஜனவரியில் தெனாங் இடைத்தேர்தல் அன்றைக்கு லாபிஸ் எப்படி முங்கிக் கிடந்தது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். டவுனே அப்படியென்றால் காட்டு ஆறு எப்படி இருக்கும்!

அதற்கு முன்னால் ஒரு தடவை சுங்கை பாந்தாங் கூட்டிப் போய்ப் பாருங்கள். பேக்கோக்கிலிருந்து கிட்டத்தில்தான், கார் போகும். முட்டி தாங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

குளுவாங் ராஜி:

சகோதரி, உப்பே கூலிங்கும் புவாயா சங்குட்டும் வேறு பக்கம். எண்டாவ் ரொம்பின் காடு ஒன்றுதான், ஆனால் ஜொகூரில் அதற்கு வாசல் இரண்டு. உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மேற்கு வாசல், செலாய். மற்றது பெத்தா. அதற்கு எங்கள் குளுவாங்கைத் தாண்டிக் காஹாங் போய், அங்கிருந்து 56 கிலோமீட்டர் தோட்டப் பாதையும் காட்டுப் பாதையுமாகப் போக வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெத்தா பக்கம் நான் போயிருக்கிறேன். உப்பே கூலிங்கில் அருவியை விடப் பாறைதான் அதிசயம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்து, ஆள் உட்காரும் அளவுக்குத் தொட்டி தொட்டியாக ஆக்கியிருக்கின்றன. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், அம்மியின் நடுக்குழி மாதிரி வழவழப்பு. உப்பே என்பது நம் பாக்கு மட்டைதான். மட்டை உருண்டு போகிற அருவி என்று பெயர். புவாயா சங்குட் ரொம்ப உள்ளே, ஏற்ற இறக்கம் அதிகம். 71 வயது முட்டியோடு வேண்டாம்.

மண்டோர் வீட்டுப் பையன்:

தங்கச்சி, நான் சிகாமட்டில் இருக்கிறேன், 54 வயது. அப்பா தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்), அம்மா பால் வெட்டினவங்க. செலாய்க்கு நாலு தடவை போயிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். அப்பா சொன்னது சரிதான். அந்தக் காட்டு ஜாகூன் ஒராங் அஸ்லி மக்கள் அருவியைத் தாக்கா என்றுதான் சொல்கிறார்கள். பேராக், கிளந்தான் பக்கம் போனால் லாத்தா. ஊருக்கு ஊர் சொல் மாறும். அப்பா 45 வருடத்துக்கு மேல் அந்த ஊர்ச் சொல்லையே வைத்திருக்கிறார் பாருங்கள், அவர் போனது செலாய்க்காடுதான்.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். அதற்கும் அவர் கதையிலேயே பதில் இருக்கிறது. இலை கொட்டி, புதுத் தளிர் சிவப்பாக விட்டு, அது பச்சையாகிற நேரம். வடகிழக்கு மழை ஓய்ந்து ஆறு இறங்கியிருக்கும். மார்ச் கடைசியோ ஏப்ரலோ பாருங்கள். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பின்னேரம் இடியோடு மழை வரும். அதனால் தண்ணீரில் இருப்பதெல்லாம் காலையோடு சரி. பகல் ஒரு மணிக்கு மேல் ஆற்றில் காலை வைக்காதீர்கள்.

அடுத்தது, எல்லா அருவியையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் ஓடினோம். ஒன்றைப் பார்த்துப் படம் பிடித்து, அடுத்ததற்கு ஓடி, ராத்திரி முகாமுக்கு வந்து படுத்தால் எது எந்த அருவி என்றே மனதில் நிற்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்றோடு நிறுத்தினோம். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். மரம் உயரமாக இருப்பதால் கீழே வெயில் இறங்க நேரமாகும். அதுவரை தடாகம் கறுப்பாக இருந்தது. வெயில் விழுந்ததும் சட்டென்று தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறம். இலை தழை ஊறிய சாயம் அது, அழுக்கு இல்லை. உள்ளங்கையில் அள்ளினால் வெறும் தண்ணீர். அசையாமல் காலை விட்டு உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து குதிகாலில் இருக்கிற செத்த தோலைக் கொத்தும். பேச்சுச் சத்தம் கேட்காது, அதனால் நாங்கள் பேசுவதையே விட்டுவிட்டோம். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

இனிமேல் சொல்வதைத் தயவு செய்து இரண்டு தடவை படியுங்கள். கெப்பாலா ஆயிர். மலை மேல் கொட்டிய மழை, கீழே வானம் நீலமாக இருக்கும்போதே ஒரே வாக்கில் இறங்கி வருவது. 2021 ஆகஸ்டில் கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரம், தித்தி ஹாயூனில் குளிக்கப் போனவர்களை அது அடித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

நான் அதை ஒரு தடவை நேரில் பார்த்தேன், செலாயில் இல்லை, வேறொரு ஆற்றில். எட்டுப் பேர் போயிருந்தோம். நடு ஆற்றுப் பாறை மேல் சோற்றுச் சட்டியை வைத்து, சாடின் சம்பலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். எங்கள் மாமா, பால் வெட்டுக்காரர், கையில் சோற்றோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை வந்தது. எப்போதும் மிதக்கிற பழுப்பு இலை இல்லை, அப்போதுதான் பிய்த்த மாதிரி பச்சை இலை, குச்சியோடு. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு "ஏறுங்க" என்றார். ஏன், என்ன என்று கேட்க விடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்தார். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது தே ஓவாக இருந்த தண்ணீர் பால் ஊற்றிய தே ஆகியிருந்தது. கல் ரோட்டில் லோரி வருகிற மாதிரி ஒரு சத்தம். சட்டி இருந்த பாறையைக் காணோம். கரையிலே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அக்கரைக்குப் போக முடியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். மழை வந்தால் அன்றைய பால் மரத்தில் கட்டிய மங்கிலேயே கரைந்து போகும், கூலி போச்சு. அதனால் விடியலிலிருந்து மழையை மோந்துகொண்டே இருந்து பழகிவிட்டது என்றார். கொஞ்சம் முன்னால் மேற்பக்கமிருந்து ஈர மண் வாசத்தோடு ஒரு காற்று வந்ததாம். எங்களில் யாருக்கும் அது படவில்லை.

அதனால் தங்கச்சி, அப்பாவைச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வானத்தையும் தண்ணீரையும் பார்க்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். அவர் "ஏறு" என்றால் நீங்கள் எல்லாரும் ஏற வேண்டும். வழிகாட்டி சொல்வதற்கும் அதே மரியாதை.

காலுக்கு அடிடாஸ் கம்போங் என்கிற ரப்பர் சப்பாத்து. விலை உயர்ந்த மலையேறும் சப்பாத்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு கல்லாகக் கனக்கும். இது முழு ரப்பர், அடியில் முள்ளு முள்ளாகப் பிடிக்கும், தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினால் முடிந்தது. ரப்பர்த் தீம்பாரில் (தோட்டத்தில்) அப்பா போட்ட அதே சப்பாத்துதான், காலுக்குப் பழக்கம் இருக்கும். பட்டை உரிந்து ஈரமாகக் கிடக்கிற கட்டையை மட்டும் மிதிக்கக் கூடாது. பாறையை விட அது மோசம்.

லாபிஸ் மூணாங்கட்டை:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமா கதையில் பச்சை இலை என்று வந்ததும் "ஆமா, குச்சியோட வரும்" என்றார். அட்டைக்கு என்ன செய்வது? எனக்கு அதுதான் பயம், அப்பாவுக்கு இல்லை.

கிளினிக் அக்கா:

அட்டை பற்றி நான் சொல்கிறேன்மா, இருபது வருடமாகக் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். அட்டையால் ஆபத்து குறைவு. நீளக் காலுறையைப் பேண்ட் மேல் இழுத்து விடுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தை அதன் வாய்ப் பக்கம் விட்டு நெம்பினால் விடும். கடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது உள்ளே விடுகிறது, அதனால்தான் விழுந்த பிறகும் வழிந்துகொண்டே இருக்கும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். அப்பா ரத்த அழுத்த மாத்திரையோடு ரத்தத்தை இளக்குகிற மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால் போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்குத்தான், மலாயில் கென்சிங் திக்குஸ் என்பார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரோ சேறோ, காலில் இருக்கிற வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். 2010இல் பகாங்கில் லூபோக் யூ அருவியில் ஒருவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு இந்தக் காய்ச்சலும் மண்ணிலிருந்து வருகிற இன்னொரு கிருமியும் தொற்றி எட்டுப் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகுதான் காய்ச்சல் தெரியும். அதற்குள் குளித்ததே மறந்துபோகும். கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் முதல் வார்த்தையே "காட்டு ஆற்றில் குளித்தேன்" என்று சொல்லுங்கள். டெங்கியா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் நாள் வீணாகும். காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

லாபிஸ் மூணாங்கட்டை:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னபடி முதலில் பாந்தாங் போய் வந்தோம். போன சனிக்கிழமை, நான், அப்பா, அண்ணனும் அவர் இரண்டு பிள்ளைகளும். காலை ஏழரைக்கு பேக்கோக்கில் பசியாறிவிட்டு எட்டரைக்கு ஆற்றங்கரையில் இருந்தோம்.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அப்பா இறங்கவில்லை. கரையோரமாக நடந்து மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். என் தலைக்கு மேலே ஒரு கிளைக் கவட்டையில் காய்ந்த சருகும் ஒரு நைலான் கயிற்றுத் துண்டும் மாட்டியிருந்தன. "மழைக்குத் தண்ணி இது வரைக்கும் வந்திருக்கு" என்றார். நான் நின்ற இடம் அப்போது காய்ந்த மணல். அந்தக் கயிற்றையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டி, இலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம்தான் இறங்கினார். சட்டையைக் கழற்றி மடித்துப் பாறை மேல் வைத்து, மூன்று கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து கழுத்து வரை உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு "போலாம்" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, பிள்ளைகள் கெஞ்சினார்கள், அண்ணன்கூட இன்னும் அரை மணி நேரம் என்றார். மண்டோர் வீட்டு அண்ணா சொன்னதை நினைத்து நான் சாமான்களைக் கட்டிவிட்டேன். பேக்கோக் காப்பிக்கடையில் மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு மணி தாண்டி, கொட்டியது பாருங்கள், எதிர்க்கடை தெரியவில்லை. அப்பா காப்பி ஓவை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான்தான் அண்ணனைப் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது, பிடித்ததா என்று கேட்டேன். "நல்லா இருக்கு. ஆனா தாக்கா வேற" என்றார்.

அதனால் செலாய்க்கு ஏப்ரலில் பதிவு பண்ணிவிட்டோம், இரண்டு ராத்திரி. ஒரே ஒரு அருவி. எது என்பதை அந்த வாரம் ஆறு இருக்கிற நிலையைப் பார்த்து வழிகாட்டி சொல்வார். அப்பா புது அடிடாஸ் கம்போங் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு தினமும் சாயந்திரம் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். வாசலில் கழற்றி விடும்போது அம்மா திட்டுகிறார், தீம்பார் ரப்பர் வாடை திரும்ப வீட்டுக்குள் வந்துவிட்டதாம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குக் கூட்டிப் போன ஒராங் அஸ்லிக்காரர் கம்போங் கெமிடாக் ஆள் என்று அப்பாவுக்கு ஞாபகம். அவர் இருந்தால் 80 தாண்டியிருக்கும். இல்லாவிட்டாலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறார். என்ன வாங்கிப் போகலாம்?

பேக்கோக் லோரி:

கெமிடாக்கில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், போகிற வழிதான். அப்பா அவரை எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், இந்த வாரமே கேட்டு வைக்கிறேன். அரிசி ஒரு மூட்டை, சீனி, காப்பித்தூள், நல்ல கருவாடு. இனிப்பு வாங்கினால் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பொட்டலமாக வாங்குங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே லாபிஸ் வந்துவிடுங்கள், காலை ஆறரைக்கு வண்டி கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் கம்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச முடியும்.